ஒரு நாள் தாமதமும் கைருன்னிசாவும்

கம்பத்தில் கைருன்னிசா அக்காவைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். பெரிய விஞ்ஞானி என்கிறார்கள் சிலர். படிப்புச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திய நன்றி இல்லாத பொம்பளை என்கிறார்கள் மற்றவர்கள். முதல் கட்சிக்கு அவர் என்ன செய்தார் என்று தெரியாது. இரண்டாம் கட்சிக்கு அந்த வாத்தியார் என்ன செய்தார் என்று தெரியாது. நான் பிளஸ் டூவோடு படிப்பை விட்டவன். அவர்கள் தெருவில் இருப்பவன் என்பதால் அக்காவிடமும் அவர் தம்பி இத்ரீஸிடமும் கேட்டுக் கேட்டுத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். எனக்கே புரிந்துவிட்டதால் வேறு யாருக்கும் புரியாமல் போகாது.

அக்காவின் குடும்பம் ஏலக்காய் வியாபாரக் குடும்பம். அத்தா சீக்கிரமே மௌத்தாகிவிட, அம்மா ஜெய்தூன் பீவியும் இத்ரீஸும்தான் வீடு. 1996இல் அக்கா இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, வடக்கே ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் நட்சத்திரங்களைப் பற்றி ஆராயச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டி பேராசிரியர் சுந்தர்ராஜ். தேனிக் கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்காரர். "நம்ம மாவட்டத்துப் புள்ள" என்று சொல்லி, கூட்டத்தில் இருந்து அக்காவைத் தனியாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டார். அதை அக்கா இன்றைக்கும் மறைப்பதில்லை. "சேத்துக்கிட்டாக. அது உண்மைதான்" என்பார். அதற்கு மேல் ஒரு நல்ல வார்த்தையும் அவர் வாயில் வராது.

அவர்கள் ஆராய்ந்தது ஒரு வினோதமான நட்சத்திரம். அது எப்போதாவது புகையைக் கக்கும். அடுப்புக்கரி மாதிரியான தூசி. அந்தத் தூசி நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் வந்துவிட்டால், விளக்கு முன்னால் புகை நின்ற மாதிரி வெளிச்சம் மங்கிவிடும். தூசி சூடாக இருப்பதால் வெப்பம் மட்டும் கூடுதலாகத் தெரியும். வெளிச்சத்தை அளக்க ஒரு கருவி, வெப்பத்தை அளக்க வேறொரு கருவி. எப்போது கக்கும் என்று யாருக்கும் தெரியாது. பல வருடம் சும்மா இருக்கும். கக்குகிற நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதிர்ஷ்டம்.

1998இல் அக்காவுக்கு அமானுல்லாவோடு நிக்காஹ் ஆனது. அவரும் ஏலக்காய் வியாபாரிதான். படிப்பை நிறுத்தச் சொல்லக் கூடாது என்று அக்கா போட்ட ஒரே நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டவர். குமுளியில் தேக்கடிக்கு வருகிற டூரிஸ்ட்டுகளுக்காகத் தொங்கவிட்டிருக்கும் பைனாகுலர்களில் நல்லதாக ஒன்றைப் பார்த்து வாங்கிவந்தார்.

"அங்கன இருக்குற பெரிய தொலைநோக்கிய லீவுக்கு வாறப்ப தூக்கிட்டு வர முடியாதுல்ல? அதுக்கு இது."

"இதுல யானையத்தான் பாக்கலாம்" என்று அக்கா சிரித்தாராம்.

"யானை பெருசா, நட்சத்திரம் பெருசா? பெருசத்தான முதல்ல பாக்கணும்."

1999 ஜனவரி கடைசியில், குமுளி மலைப்பாதையில் அவர் வந்த ஜீப் கவிழ்ந்தது. அக்கா ஊருக்கு வந்து இத்தாவில் உட்கார்ந்தார். எங்கள் வழக்கப்படி, கணவர் மௌத்தானால் நான்கு மாதம் பத்து நாள் மனைவி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. வெளி ஆண்களோடு பேச்சும் இல்லை. அக்காவுக்குப் படிக்கவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து சுந்தர்ராஜ் இத்ரீஸின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்தார். துக்கம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, எங்க தொலைநோக்கிக் கண்ணாடியக் கழட்டிப் பூச்சுக்கு அனுப்பியிருக்கோம். ரெண்டு மாசம் ஆகும். இந்த நேரம் பாத்து நட்சத்திரம் கக்கிருச்சுன்னா போச்சு. அக்காகிட்ட பைனாகுலர் இருக்குன்னு சொல்லிருக்கா. மாடியில இருந்து தினமும் பாத்து வெளிச்சத்தைக் குறிச்சு அனுப்பச் சொல்லு. அவளுக்கும் மனசு மாறும்."

அவர் கேட்டுத்தான் அக்கா பார்த்தார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பின்னால் அவர் இதை மறந்துபோனார்.

மாடியில் ஆளுயரச் சுவர் உண்டு. வெளியே இருந்து யாரும் பார்க்க முடியாது. பொழுது அடைந்ததும் மஃரிபு தொழுதுவிட்டு அக்கா ஏறுவார். தெற்கே அந்த நட்சத்திரத்தைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு வெளிச்சத்தைக் கணக்கிடுவார். பழகிய கண்ணுக்கு அது முடியும். ராத்திரி இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் இறங்கிவந்து, அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த ஜமாஅத் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்தில் குறிப்பார். வாரம் ஒரு முறை இத்ரீஸ் அதைத் தாளில் எழுதி, தன் கடையிலிருந்தே பேக்ஸ் அனுப்பினார்.

பிப்ரவரி பாதியில் நட்சத்திரம் மங்கத் தொடங்கியது. ஒரேயடியாக இல்லை. ஒரு படி இறங்கி, நின்று, மறுபடி ஒரு படி இறங்கியது. தூசி இரண்டு தடவையாக வெளிவருகிறது என்று அக்கா புரிந்துகொண்டு, அதையும் விளக்கமாக எழுதி அனுப்பினார். கணவரைப் பறிகொடுத்த அந்த நாட்களில் தன்னை நிமிர்த்தி உட்காரவைத்தது அந்த வேலைதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். உலகத்தின் வேறொரு மூலையில் ஒரு தொலைநோக்கி அதே நாட்களில் வெப்பத்தை அளந்துகொண்டிருந்தது. ஆனால் முதல் இரண்டு வாரம் வெளிச்சத்தை அளந்தவர் இவர் ஒருவர்தான்.

மறு வருடம் கட்டுரை வெளிவந்தது. இத்தா முடிந்து நிறுவனத்துக்குத் திரும்பியிருந்த அக்கா அதை அங்கே நூலகத்தில் பார்த்தார். ஆசிரியர்: சுந்தர்ராஜ். கூடவே வெப்பத்தை அளந்த வெளிநாட்டுக்காரர். அக்காவின் அளவுகள் எல்லாம் அட்டவணையாக இருந்தன. இரண்டு படி என்ற அவருடைய விளக்கமும் இருந்தது. பெயர் இல்லை. கட்டுரையின் கடைசியில், பொடி எழுத்தில், 'தென்தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு அமெச்சூர் பார்வையாளருக்கு நன்றி' என்று ஒரு வரி. அமெச்சூர் என்றால் தொழிலாக இல்லாமல் ஆசைக்குச் செய்கிறவர். மூன்று வருடமாக அதே மனிதரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவரை அப்படி எழுதியிருந்தார்.

அக்கா நேரே அவர் அறைக்குப் போனார்.

"சார், இதுல என் பேரு எங்க?"

"உக்காரும்மா. பைனாகுலர்ல பாத்ததுக்கெல்லாம் ஆசிரியர் பேரு போட்டா பத்திரிகைக்காரன் சிரிப்பான்."

"அட்டவணையப் போட்டதுக்குச் சிரிக்கலையா?"

"கைருன்னிசா, நீ அப்ப இருந்த நெலம வேற. இத்தாவுல இருந்த பொண்ணக் கையெழுத்து, கடிதம்னு அலைக்கழிக்க வேணாம்னு நான்தான் விட்டுட்டேன். ஒனக்கு நல்லதுன்னுதான் செஞ்சேன். இன்னும் எத்தனை கட்டுரை எழுதப்போற!"

இந்தக் கடைசிப் பதிலைத்தான் அக்காவால் மன்னிக்க முடியவில்லை. திருடியதைக்கூட விட்டிருப்பேன், என் புருஷன் மௌத்தை அதற்குப் போர்வையாகப் போட்டாரே என்பார். அன்றைக்கே அங்கிருந்து விலகினார். வேறு தலைப்பில், வேறு வழிகாட்டியிடம் மதுரையில் பிஎச்.டி.யை முடித்தார். பிறகு நம் பக்கத்திலேயே ஒரு பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

சுந்தர்ராஜ் பதவியில் மேலே மேலே போனார். காரணம் அந்தக் கட்டுரைதான். அதில் அவர் சொந்தமாகச் சேர்த்த ஒரு கருத்து இருந்தது. அக்காவின் வெளிச்சக் கணக்கையும் வெளிநாட்டு வெப்பக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வெப்பம் கூடி ஒரு நாள் கழித்துத்தான் வெளிச்சம் மங்கியது. இரண்டு படியிலும் அதே ஒரு நாள். ஏன்? தூசி பிறந்து, பரவி, நட்சத்திரத்தை மறைக்க ஒரு நாள் ஆகிறது என்று அவர் ஒரு கோட்பாடு எழுதினார். உலகம் முழுக்க அதைப் படித்தார்கள். அதற்கு 'சுந்தர்ராஜ் தாமதம்' என்றே பெயர் வந்துவிட்டது.

இங்கே மேற்கோள் என்ற சங்கதியைச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி எழுதுகிறவர்கள், தங்களுக்கு முன்னால் யார் யார் கட்டுரையைப் பயன்படுத்தினோம் என்று பெயர் சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் சொன்னால் உங்களுக்கு ஒரு மேற்கோள். எத்தனை பேர் சொன்னார்கள் என்று கணினியில் எண்ணிக்கை வரும். பதவி, விருது எல்லாம் அதைப் பார்த்துத்தான். சுந்தர்ராஜின் அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் சில வருடங்களில் முந்நூறைத் தாண்டியது. அக்கா எழுதிய எல்லாக் கட்டுரைகளுக்கும் வந்த மேற்கோள்களைச் சேர்த்தால் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கும்.

2001இல் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். அக்கா வீட்டில் உட்கார்ந்து அந்தக் கட்டுரையை எத்தனையாவது தடவையாகவோ படித்துக்கொண்டிருந்தார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். இத்ரீஸின் மனைவி ருக்சானா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார்.

"ஏடி ருக்சானா, வெள்ளி ராவு வந்துருச்சு, இன்னும் என்ன நாடகம்? அமத்திட்டு வா, யாசின் ஓதுவோம்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எங்கள் வீடுகளில் பொழுது அடைந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடும். வியாழக்கிழமை பொழுது சாய்ந்தால் அது வெள்ளி இரவு. ஜெய்தூன் பீவி வீட்டில் ராத்திரி நடக்கிற மௌலூது, பாத்திஹா என்று எந்த ஓதலானாலும் காலண்டரில் மறுநாள் கட்டத்தில்தான் குறிப்பார்கள். இத்தாவில் ஆபீஸும் இல்லை, கடிகாரமும் தேவையில்லை, பாங்குச் சத்தம்தான் நேரம். அந்தப் பழக்கத்தில் அக்காவும் ஒவ்வொரு ராத்திரிக் கணக்கையும் மறுநாள் கட்டத்தில் எழுதியிருந்தார். இத்ரீஸ் கட்டத்தின் தேதியைப் பார்த்து அப்படியே அனுப்பிவிட்டார்.

ஆக, நட்சத்திரத்தில் எந்தத் தாமதமும் இல்லை. வெப்பம் கூடிய அன்றைக்கேதான் வெளிச்சமும் மங்கியது. சுந்தர்ராஜ் ஒரு போன் போட்டு, 'எந்தத் தேதியில் பார்த்தாய்?' என்று கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஆனால் அவரால் கேட்க முடியாது. கேட்டால் கட்டுரைக்குள் அக்கா வந்துவிடுவார். பார்த்தவர் யார் என்று மறைத்துவிட்டதால், படித்த மற்றவர்களாலும் கேட்க முடியவில்லை.

இதற்குச் சாட்சியும் இருந்தது. ஒரு கட்டத்தில் அக்கா, மேற்கே வெள்ளிக் கோளும் வியாழன் கோளும் ஒட்டிக்கொண்டு நின்றதைக் குறித்திருந்தார். பேக்ஸிலும் அது போயிருந்தது. அவை அப்படி நெருங்கியது 1999 பிப்ரவரி 23 சாயங்காலம். எந்த வானியல் புத்தகத்திலும் பார்க்கலாம். அக்காவின் குறிப்பு இருந்தது 24ஆம் தேதிக் கட்டத்தில்.

இத்ரீஸ் துள்ளினார். "அக்கா, நாளைக்கே எழுதிப் போடு. மனுசன் மானம் போகட்டும்."

"இப்ப எழுதுனா என்ன ஆகும் தெரியுமா? அது அந்தப் புள்ள செஞ்ச தப்புன்னு சொல்லி, ரெண்டு வரியில திருத்தம் போட்டுட்டுப் போயிருவாரு. இப்ப அவரு முதல் மாடியிலதான் நிக்கிறாரு. விழுந்தா கால்ல செராய்ப்பு, அவ்வளவுதான்."

"அதுக்கு?"

"ஏறட்டும்."

ஏழெட்டு வருடம் அவர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்.டி.டி. பூத் பிரவுசிங் சென்டராக மாறிய பிறகு, மாதத்துக்கு ஒரு தடவை அங்கே போய் சுந்தர்ராஜின் எண்ணிக்கையைப் பார்ப்பார். கூடியிருந்தால் அவர் முகத்தில் சந்தோஷம் தெரியும். "அறுக்கப்போற கோழி எட கூடிருச்சா?" என்று இத்ரீஸ் கேட்பார். "கூடிருக்கு" என்பார் அக்கா.

2007இல்தான் மகிமா வந்தாள். போடியைச் சேர்ந்த பெண். சுந்தர்ராஜிடம் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய ஆராய்ச்சியே அந்த ஒரு நாள் தாமதம் ஏன் என்பதுதான். சுந்தர்ராஜின் கோப்பில் கிடந்த பழைய பேக்ஸ் தாளில் கம்பம் பூத்தின் நம்பரைப் பார்த்து, விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, அந்த அமெச்சூர் பார்வையாளர் நீங்கதானா? சாருக்குத் தெரியாம வந்திருக்கேன். என் கணக்கு இடிக்குது. தூசி ஒரு நாள் சும்மா நிக்க வழியே இல்ல. ஒங்க தேதியெல்லாம் சரியான்னு ஒரு தடவ பாத்துச் சொல்றீகளா?"

சரியான கேள்வியை உலகத்திலேயே முதலில் கேட்டவள் அவள்தான். ஒரு வார்த்தை போதும். அக்கா அவளுக்கு டீயும் வட்டிலப்பமும் கொடுத்தார்.

"ஒங்க சார் என்ன சொல்றாரு?"

"எங்கணக்குத்தான் தப்பா இருக்கும், திரும்பப் போடுன்னு சொல்றாரு."

"அப்ப திரும்பப் போடு."

அவள் போன பிறகு ஜெய்தூன் பீவி மகளைத் திட்டினார். "அந்தப் புள்ள ஒன்ன என்னடி செஞ்சுச்சு? வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா போவ?"

"சொன்னா அவருகிட்டப் போய்ச் சொல்லுவா. அவரு முந்திக்கிருவாரு. திருத்தத்துக்கும் அவரு பேரே வந்துரும்மா. மறுபடியும் நான் யாரோ ஒரு அமெச்சூரு."

இந்த இடத்தில் நான் அக்கா பக்கம் முழுக்க நிற்க முடியவில்லை. ஆனாலும் அவர் சொன்ன காரணம் பொய்யில்லை.

2009 தொடக்கத்தில், சுந்தர்ராஜ் அந்த நிறுவனத்துக்கே இயக்குநர் ஆகப்போகிறார் என்று பேச்சு வந்தது. ஒரு பெரிய விருதும் கிடைத்தது. அக்கா மூன்று பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். பார்த்தது நான், தேதியைத் தவறாகக் குறித்ததும் நான், இன்ன வழக்கத்தால் இப்படி ஆனது, இரண்டு கோள்கள் நெருங்கிய நாள் இதற்குச் சாட்சி, ஆகவே தாமதம் என்று ஒன்று இல்லை. தப்புத் தன்னுடையது என்று எழுத அவர் தயங்கவில்லை. அந்தத் தப்புத்தான் அட்டவணை அவருடையது என்பதற்கு அத்தாட்சி. இரும்புக் கடைக் குடும்பத்தில் யாரும் பொழுது சாய்ந்ததும் தேதியை மாற்றுவதில்லை.

கட்டுரை ஜூலையில் வெளிவந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வியாபாரிகள் சேர்ந்து சுந்தர்ராஜுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். மாவட்டம் முழுக்க வியாபாரிகள், கம்பம் உத்தமபாளையம் ஏலக்காய்க்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவருடைய பங்காளி, இரும்புக் கடை எபனேசர்தான் நிகழ்ச்சியை நடத்தினார். பொன்னாடைகள் மேஜையில் குவிந்தன. சுந்தர்ராஜ் ஒரு நாள் தாமதத்தைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி அழகாக விளக்கினார். கேள்வி கேட்கலாம் என்றார்கள். பெண்கள் வரிசையில் அக்கா எழுந்து மைக்கை வாங்கினார்.

"நான் கைருன்னிசா சார். கம்பம்."

"அடடே! நம்ம பழைய மாணவி. எல்லாரும் கை தட்டுங்க" என்றார் அவர். தட்டினார்கள்.

"சார், முதல் ரெண்டு வாரம் வெளிச்சத்த அளந்தது யாரு?"

"நம்ம பக்கத்து ஆர்வலர் ஒருத்தர்தான். கட்டுரையிலயே நன்றி சொல்லிருக்கேன்."

"பேரு?"

"அது... வருசமாச்சும்மா."

"அவுககிட்ட எந்தத் தேதியில பாத்தீகன்னு ஒரு வார்த்த கேட்டீகளா?"

எபனேசர் குறுக்கே வந்தார். "அம்மா, ஆளுக்கு ஒரு கேள்விதான். பிள்ளைக காத்திருக்குக."

"ஒரே கேள்விதாண்ணே. இன்னும் முடியல." அக்கா சபையைப் பார்த்துத் திரும்பினார். "எங்க ஊரு யாவாரிக இருக்கீக. நீங்களே சொல்லுங்க. இன்னைக்கி வியாழக்கெழம. மஃரிபு முடிஞ்சாச்சு. நம்ம வீடுகள்ல இப்ப இது என்ன ராவு?"

"வெள்ளி ராவு!" என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. உத்தமபாளையம் ராஜா முகம்மது. வண்டன்மேடு ஏலச் சந்தை முழுக்கத் தெரிந்த ஏலக்காய் வியாபாரி.

"காலண்டர்ல எந்தக் கட்டத்துல குறிப்பாக, மாமு?"

"நாளைக் கட்டத்துலதான். வேறெங்க?"

"அந்த ஆர்வலர் நான்தான் சார்" என்றார் அக்கா. "நீங்க கேட்டுத்தான் இத்தாவுல உக்காந்து பாத்தேன். ஒவ்வொரு ராத்திரியும் மறுநாள் கட்டத்துல எழுதிருக்கேன். ஒங்க ஒரு நாள் தாமதம் ஆகாசத்துல இல்ல. எங்கம்மா அடுப்படிச் செவத்துல தொங்குது."

மேடையில் இருந்த படித்தவர்கள் இன்னும் விழித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பின்வரிசைக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பத்துப் பேர். "அப்ப பொன்னாட யாருக்குய்யா, காலண்டர் அடிச்ச பிரஸ்காரனுக்கா?" என்றார் ராஜா முகம்மது. மண்டபமே சிரித்தது.

சுந்தர்ராஜ் தண்ணீர் குடித்தார். "இதெல்லாம் ஆராய்ச்சிப் பத்திரிகையில பேச வேண்டிய விசயம். இங்க இல்ல."

"அங்கயும் பேசியாச்சு சார். போன வாரம் வந்துருச்சு."

அக்கா மைக்கைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். முன்வரிசையில் மகிமா உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்தார். நின்று பேசவில்லை.

இயக்குநர் பதவி வேறு ஒருவருக்குப் போனது. 'சுந்தர்ராஜ் தாமதம்' என்ற பெயரை இனி யாரும் மரியாதையோடு சொல்ல முடியாது. தேனியில் கட்டியிருந்த பிளெக்ஸை எபனேசரே அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனாராம். இத்ரீஸ் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

ஆனால் ஒரு விஷயத்தை அக்கா கணக்கில் வைத்திருக்கவில்லை. சில மாதம் கழித்து இத்ரீஸ் கணினியில் பார்த்துவிட்டுக் கத்தினார். "அக்கா, கோழி செத்துப்போச்சு, ஆனா எட கூடுதே!"

சுந்தர்ராஜின் மேற்கோள் எண்ணிக்கை முன்னைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. அக்காவின் கட்டுரையைக் குறிப்பிடும் ஒவ்வொருவரும், 'இன்னார் சொன்னது தப்பு' என்று அவர் கட்டுரையையும் குறிப்பிட வேண்டியிருந்தது. கணினிக்குப் பாராட்டும் திட்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒன்று ஏறும்.

அந்தச் சமயத்தில் மகிமா மறுபடி வந்தாள். இந்தத் தடவை உட்காரவில்லை.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால நான் வந்தப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கப்பா கடைய அடமானம் வச்சுப் படிக்க வைக்கிறாரு. அந்த ரெண்டு வருசத்த யாரு தருவா?"

"நான் தாரேன்" என்றார் அக்கா. "முழுக் கணக்கும் எங்கிட்ட இருக்கு. இத்தா முடியிற வரைக்கும் பாத்த அத்தன ராத்திரியும். அவரு போட்டது ரெண்டு வாரந்தான். திருத்தின தேதியோட தாரேன், புதுசா எழுது. ஒரே ஒரு நிபந்தன. அவரு பேரு அதுல எங்கயும் வரக் கூடாது. தப்புன்னுகூடச் சொல்லக் கூடாது. தாமதம்னு ஒண்ணு யாரும் சொல்லவே இல்லங்குற மாதிரி எழுதணும்."

மகிமா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப அவரு ஒங்களுக்குச் செஞ்சத நான் அவருக்குச் செய்யணும்."

"ஆமா. அதத்தான் கேக்குறேன்."

"அது எனக்கு வேணாங்க்கா. ஒங்க கணக்கும் வேணாம்."

ருக்சானா கொண்டுவந்த தண்ணீரைக்கூடத் தொடாமல் போய்விட்டாள். வேறு ஒரு வழிகாட்டியிடம் சேர்ந்து, வெளிநாட்டு வெப்பக் கணக்கையும் அக்காவின் மூன்று பக்கத்தையும் வைத்தே தன் ஆராய்ச்சியை முடித்தாள். அவளுடைய கட்டுரை 2010இல் வந்தது. தூசி எவ்வளவு வேகத்தில் பரவுகிறது என்று அதில் சரியாகச் சொல்லியிருந்தாள். நன்றாக எழுதியிருக்கிறாள் என்று அக்காவே ஒத்துக்கொண்டார். முதல் பத்தியில், விதிப்படியே, சுந்தர்ராஜ் என்று எழுதி, ஒரு கமா போட்டு, கைருன்னிசா என்று எழுதியிருந்தாள். இப்போது அந்த நட்சத்திரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதே மாதிரித்தான் எழுதுகிறார்கள்.

"என்னக்கா இது" என்றார் இத்ரீஸ். "ரெண்டு பேரையும் ஒரே நுகத்தடியில பூட்டிவிட்டுட்டாளே. இனி நீ ஒண்ணு ஏறுனா அவரும் ஒண்ணு ஏறுவாரு. மௌத்து வரைக்கும் இப்படித்தானா?"

"மௌத்துக்கு அப்புறமும் இப்படித்தான். கட்டுர சாகாதுல்ல."

"விட்டுத் தொலையேன். ஊரே பாத்துச் சிரிச்சாச்சு. இன்னும் என்ன வேணும் ஒனக்கு?"

மூன்றாம் நாள் அக்கா கல்லூரியில் லீவு சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். அந்தப் பழைய நட்சத்திரத்தை விட்டுவிட்டு, அதே மாதிரிப் புகை கக்கும் வேறு நட்சத்திரங்களைத் தேடத் தொடங்கினார். யாரும் இதுவரை ஒரு வரிகூட எழுதாதவை. அவற்றைப் பார்க்கத் தொலைநோக்கி நேரம் கேட்டு நான்கு இடத்துக்கு விண்ணப்பம் போட்டார். மூன்று இடத்தில் இல்லை என்றார்கள். நான்காவது இடத்தில் அடுத்த வருடம் ஆறு ராத்திரி கொடுத்திருக்கிறார்கள்.

"இதுல அவரு பேரு வராதா?" என்று நான் கேட்டேன்.

"வாறதுக்கு எடமே இல்ல" என்றார் அக்கா. "முதல் பேரே என் பேருதான். எனக்கு முன்னால யாருமே இல்ல."

அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பழைய ஆத்திரம் ஒரு பொட்டும் குறையவில்லை. அதற்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.